எத்தனை கார்டு அடிக்கணும்?

பத்திரிகை அடிக்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது மாப்பிள்ளை பெயரையோ முகூர்த்த நேரத்தையோ அல்ல. "எத்தனை கார்டு?" இதுதான். ஆல்பத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவது என்பதே அந்தப் பதிலில்தான் இருக்கிறது. மதுரையில் மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் 22 வருஷமாக அச்சகம் வைத்திருக்கிறேன். ஒரு மினி ஆப்செட், ஒரு கட்டிங் மிஷின், டிடிபிக்கு ஒரு கம்ப்யூட்டர், சிவகாசியிலிருந்து வருஷாவருஷம் வந்து இறங்கும் கார்டு ஆல்பங்கள். அவ்வளவுதான் கடை. 2020 மார்ச் வரைக்கும் யாராவது 500 என்று சொன்னால், "சிம்பிளா பண்றீங்களாண்ணே?" என்று கேட்பேன். 1,000 சாதாரணம். அரசியலில் கொஞ்சம் ஊறியவர் வீட்டுக் கல்யாணம் என்றால் 3,000.

அந்த மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்கே 144 போட்டுக் கடைகளை அடைக்கச் சொல்லிவிட்டார்கள். மிஷினில் பாதி வேலை நின்றது. மேலூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். 800 கார்டில் 300 ஓடியிருந்தது. காலையில் நேரம் பார்த்து வந்து மிச்சத்தை முடித்துவிடலாம் என்று ரோலரைக்கூடக் கழுவாமல் ஷட்டரை இறக்கினேன். வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தபோது, டிவியில் பிரதமர் 21 நாள் என்றார்.

நான் திரும்பக் கடையைத் திறந்தது மே மாதம். ரோலரில் மை காய்ந்து தார் மாதிரி இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துத் தேய்த்து என் விரல் தோல்தான் உரிந்தது, மை உரியவில்லை. தாளில் மையைப் பதிக்கிற ரப்பர் பிளாங்கெட் போனது. கீழ் அடுக்கில் இருந்த இரண்டு ரீம் மேப்லித்தோ பேப்பரில் கரையான். அந்த 300 கார்டு மட்டும் மேஜைமேல் அடுக்கியபடியே அழகாக இருந்தது. அந்தக் கல்யாணம் பெண் வீட்டு வாசலில் 14 பேரை வைத்து எப்போதோ நடந்து முடிந்திருந்தது.

இன்றைக்கும் ராத்திரி எவ்வளவு நேரமானாலும் ரோலரைக் கழுவாமல் நான் ஷட்டரை இறக்குவதில்லை. கொரோனாவில் என்ன கற்றுக்கொண்டாய் என்று யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். கேட்கிறவர்கள் இதைவிடப் பெரிதாக எதையோ எதிர்பார்த்து ஏமாந்து போகிறார்கள்.

நாளைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது என் பழைய குணம். கடன் விஷயத்திலும் அப்படித்தான் இருந்தேன். மிஷினுக்கு வாங்கிய லோனுக்குத் தவணை கட்ட வேண்டாம், முதலில் மே வரை, பிறகு ஆகஸ்ட் வரை என்று ரிசர்வ் வங்கி சலுகை கொடுத்தது. தவணைதான் தள்ளிப் போகிறது, வட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பதை நான் படிக்கவே இல்லை. அத்தனை சின்ன எழுத்தை அச்சடித்துப் பிழைக்கிறவன், தனக்கு வந்த சின்ன எழுத்தைப் படிக்கவில்லை பாருங்கள். வட்டிக்கு வட்டி போட்டதை மட்டும் நவம்பரில் திருப்பிக் கணக்கில் வரவு வைத்தார்கள். மற்றபடி, ஆறு மாதம் கட்டாமல் விட்டதற்கு லோன் முடிய வேண்டிய தேதி ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப் போனது. அதை அடைத்த பிறகு வேறு லோன் வாங்கவில்லை. மிஷின்மேன் தம்பியின் மூன்று மாதச் சம்பளம் தனியாக ஒரு கணக்கில் எப்போதும் கிடக்கிறது. அந்த 2020-ல் அவனுக்கு நான் கொடுத்தது பாதிச் சம்பளம்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், கேட்காததுதான் உறுத்துகிறது.

அந்த வருஷத்துச் சித்திரைத் திருவிழாவை மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: அழகர் ஆற்றில் இறங்கவில்லை. மீனாட்சி திருக்கல்யாணம் மே 4-ம் தேதி பக்தர்கள் யாரும் இல்லாமல் கோயிலுக்குள்ளேயே நடந்தது. எங்கள் செல்லூர் வீட்டில் மகனின் செல்போனைப் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்து எல்லோரும் பார்த்தோம். மங்கல நாண் ஏறுகிற நேரத்தில் என் மனைவி புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாள். நெட் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டதால் கயிறு மாற்றியது முகூர்த்தத்துக்கு முன்னாலா பின்னாலா என்று இன்றுவரை அவளுக்குச் சந்தேகம். அம்மா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வியாபாரம் போச்சு என்று புலம்பியபடி இருந்தேன். "மீனாட்சி கல்யாணத்துக்கே ஆளில்ல. உன் கடைக்கு வர்ற கல்யாணத்துக்கு என்னடா வந்துச்சு?" என்றாள்.

கடையைத் திறந்த பிறகு வந்த ஆர்டர்கள் வேறு ரகம். கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்றார்கள். பத்திரிகை 50 அடிக்க ஒரு அச்சுப் பிளேட்டைப் போடுவதும் 1,000 அடிக்க ஒரு பிளேட்டைப் போடுவதும் எனக்கு ஒரே செலவு. கட்டுப்படியாகாது, ஆனாலும் அடித்தேன். பத்திரிகையின் முடிவில் வழக்கமாக வரும் "சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து" என்ற வரியை எடுத்துவிடச் சொன்னார் ஒரு வாத்தியார். "50 பேர் எப்படித் தம்பி சூழ முடியும்?" அதற்குப் பதிலாக, வீட்டில் இருந்தபடியே வாழ்த்துமாறு கேட்டுக்கொள்கிறோம் என்று போட்டோம். பக்கத்தில் லைவ் பார்க்க ஒரு கியூஆர் கோடு. மொய்க்கு ஜிபே எண்ணையும் போடலாமா என்று சம்பந்தி வீட்டார் இழுத்தார்கள். வாத்தியார் முறைத்த முறையில் அந்தப் பேச்சு அதோடு நின்றது. ஆறு மாதம் கழித்து வந்தவர்கள் யாரையும் கேட்காமலே போட்டுக்கொண்டார்கள்.

இன்னொரு ரகமும் உண்டு. அப்போது வெளி மாவட்டங்களுக்குப் போக அரசின் இ-பாஸ் வேண்டியிருந்தது. கல்யாணம், சாவு, அவசர மருத்துவம், பெரும்பாலும் இந்த மூன்றுக்குத்தான் கிடைக்கும். கல்யாணம் என்றால் பத்திரிகையை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். ஜூன் மாதம் ஒருநாள், மதிய வெயிலில், கைலியும் துண்டால் கட்டிய முகமுமாக ஒருவர் வந்தார். எத்தனை கார்டு என்று கேட்டேன். "ஒண்ணே ஒண்ணு."

திருப்பூரில் பனியன் கம்பெனியில் மகள் வேலை பார்க்கிறாள், கம்பெனி அடைத்துவிட்டார்கள், ஹாஸ்டலில் சாப்பாடு இல்லை, போய்க் கூட்டிவர வேண்டும், ஒரு கல்யாணப் பத்திரிகை வேண்டும் என்றார். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர் எல்லாம் நீங்களே எதையாவது போட்டுக்கொள்ளுங்கள் என்றார். போலிப் பத்திரிகையில் பாஸ் வாங்கியவர்கள் மாட்டிய செய்திகள் வந்துகொண்டிருந்த நேரம். பத்திரிகையின் ஓரத்தில் என் அச்சகத்தின் பெயர் இருக்கும். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் சண்டை போடவில்லை, கெஞ்சவுமில்லை. ஆல்பத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். "நல்லாருக்கு. அவ கல்யாணத்துக்கு உங்ககிட்டயே வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. அந்தப் பெண் எப்படியோ வந்து சேர்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன். செய்தது சரிதானா என்று கேட்டால், சட்டப்படி சரி. அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 24-ல் மதுரைக்கு மறுபடி முழு ஊரடங்கு; ஒரு வாரம் என்று ஆரம்பித்து ஜூலை பாதிவரை இழுத்தார்கள். இந்த முறை ரோலரைக் கழுவிவிட்டுத்தான் கிளம்பினேன்.

அடுத்த வருஷத்துக்கு வருகிறேன்.

2021 மார்ச்சிலேயே 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாவுக்கு 71. சர்க்கரை உண்டு. கூட்டிப்போக வேண்டியவன் நான். தேர்தல் வேலை, நோட்டீஸ் ஆர்டர், அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம். ஏப்ரல் 15-ம் தேதி நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ம் தேதி மாரடைப்பில் காலமானார். ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொல்லத்தான் செய்தார்கள். ஆனால் எங்கள் தெருவில் அதற்குள் ஊசி கொன்றுவிட்டது என்று தீர்ப்பெழுதிவிட்டார்கள். "கொஞ்ச நாள் போகட்டும்டா" என்றாள் அம்மா. எனக்கும் அது வசதியாக இருந்தது. இதை எழுத இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது: அவள் பயந்தாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கு வேலை இருந்தது என்பதைச் சொல்லவில்லை.

மே 10-ல் முழு ஊரடங்கு. மறுநாள் அம்மாவுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் ஆக்சிமீட்டரில் 93. குப்புறப் படுக்க வைத்தால் 95. திரும்பினால் 91. அந்தச் சின்ன சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தோம். விரல் குளிர்ந்திருந்தால் எண் குறைத்துக் காட்டும் என்று யாரோ சொன்னார்கள். உள்ளங்கையில் வைத்து விரலைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டுத் திரும்ப மாட்டுவேன். 88 வந்த அன்று ஆம்புலன்ஸ். ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில் இடமில்லை என்றார்கள், இன்னொன்றில் முன்பணமாக ஒரு தொகை சொன்னார்கள், அதைப் புரட்டி எடுத்துக்கொண்டு போவதற்குள் அந்தப் படுக்கையும் போயிருந்தது. கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. படுக்கைக்குக் கீழே ஒருவர், வராந்தாவில் இருவர் என்று கிடந்த கூட்டத்தில், பாதி முகம் மூடிய ஒரு நர்ஸ் பெண் அம்மாவை "பாட்டி" என்று கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தது. அந்தப் பெண் பெயர் தெரியாது. மே 19 விடியற்காலையில் போன் வந்தது.

தத்தனேரிக்கு நாங்கள் நான்கு பேர் போனோம். 20 பேர் வரலாம் என்று அரசு அனுமதித்திருந்தது. நோய் வந்த வீட்டுக்கு யார் வருவார்கள்? அப்பா 2011-ல் போனபோது கோரிப்பாளையம் வரைக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினேன். ராத்திரியோடு ராத்திரியாக மைதாப் பசை காய்ச்சி, பையன்களை அனுப்பி, 200 போஸ்டர். தெருவே அடைத்துக்கொண்டு நின்றது. ஊருக்கெல்லாம் கண்ணீர் அஞ்சலி அடித்த நான், அம்மாவுக்கு ஒரு துண்டுக் காகிதம் அடிக்கவில்லை. கடை பூட்டு, பேப்பர்க் கடை பூட்டு, தபால் போகுமா தெரியாது. கருமாதித் தகவலை மகன் செல்போனில் ஒரு ஆப்பில் செய்து கொடுத்தான். தாமரைப்பூ, குத்துவிளக்கு, அம்மாவின் ஆதார் அட்டைப் படம். நான் பார்த்தேனா, பார்க்கவில்லையா? பார்த்தேன் என்றுதான் நினைவு. சரி அனுப்பு என்றேன்.

வாட்ஸாப்பில் 200 பேருக்கு மேல் போய்விட்ட பிறகு, உசிலம்பட்டியிலிருந்து பெரியம்மா மகன் அழுதுகொண்டே போன் செய்தான். "பதினேழு வயசுப் புள்ளையா? யாருண்ணே அது? எனக்குத் தெரியாம யாரு?"

71 என்று இருக்க வேண்டிய இடத்தில் 17 என்று இருந்தது.

அழிக்கலாம் என்றால் அதற்கான நேரம் தாண்டியிருந்தது. அதற்குள் சித்தி தன் பக்கத்து ஆட்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தாள். அன்று முழுக்கப் போன். "ஐயோ, சின்னப் புள்ளையாச்சே" என்று ஆரம்பிப்பார்கள். இல்லை, அம்மாதான் என்று சொன்னதும் அவர்களுக்கு வருகிற அந்த ஒரு நொடி நிம்மதியைக் காதால் கேட்டிருக்கிறேன். பிறகு சுதாரித்துக்கொண்டு மறுபடி அழுவார்கள். நான்காவது போனிலோ ஐந்தாவது போனிலோ என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். அவள் தோள் குலுங்கியது சிரிப்பிலா அழுகையிலா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது எந்த ப்ரூஃபையும் இரண்டு முறை வாய்விட்டுப் படிக்கிறேன், எண்களை மட்டும் மூன்றாவது முறை. வாடிக்கையாளரையும் படிக்கச் சொல்கிறேன். "நீங்க பார்த்தா சரிதாண்ணே" என்பவர்களிடம்தான் பிடிவாதம் அதிகம்.

கொரோனா நமக்குப் பாடம் நடத்தியது என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பாடம் நடத்த அது என்ன வாத்தியாரா? அதற்கு ஃபீஸ் கட்டியது யார்? பழக்கவழக்கம் மாறியது உண்மை. ஆனால் மாறும் என்று நினைத்தவை மாறவில்லை. பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினோம், வாசலில் வேப்பிலை கட்டினோம், கபசுரக் குடிநீரைக் குடம் குடமாகக் குடித்தோம், ஆவி பிடித்துப் பிடித்து முகமே வெந்தது. ஒன்றும் மிச்சமில்லை. மாஸ்க் ஒரு கட்டு இன்னும் கல்லாவுக்குக் கீழே கிடக்கிறது. கட்டிங் மிஷினில் தூசி பறக்கும்போது மாட்டுகிறேன்.

மிச்சமானவை வேறு. அம்மாவோடு எனக்கும் பரிசோதனை எடுத்தபோதுதான் சர்க்கரை 260 என்று தெரிந்தது. தினமும் விடிய வைகைக் கரைச் சாலையில் நடக்கிறேன். ராத்திரிப் புரோட்டாவை விட்டுவிட்டேன். மதுரைக்காரன் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆகவே மாதம் ஒருமுறை சாப்பிடுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரடங்கில் 8 மணிக்குக் கடை அடைத்தார்களா, அந்தப் பழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டேன். முன்பு பத்தரை வரை திறந்து வைத்திருந்ததில் டீ செலவு தவிர ஒன்றும் வரவில்லை என்பது கணக்குப் பார்த்தபோது தெரிந்தது. வீட்டுப் பத்திரம், இன்சூரன்ஸ், பேங்க் புத்தகம் எல்லாம் ஒரு நீல ஃபைலில் இருக்கின்றன. எது எங்கே என்று மனைவிக்கும் மகனுக்கும் தெரியும். அம்மாவின் தபால் நிலையக் கணக்கில் நாமினியாக அப்பாவின் பெயரே இருந்தது. அதை மாற்ற நான் அலைந்த அலைச்சலை வைத்து இன்னொரு பதிவு எழுதலாம்.

துக்கம் கேட்கப் போவதில் மட்டும் ரொம்பவே மாறிவிட்டேன். முன்பு, போஸ்டர் நம் கடையில்தானே அடித்தார்கள், மாலை வேறு எதற்கு என்று இருந்துவிடுவேன். அம்மா போன எட்டாம் நாள், எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே ஒரு சைக்கிள் வந்து நின்றது. ஆரப்பாளையத்தில் பஞ்சாங்கம் பார்த்து முகூர்த்தம் குறித்துக் கொடுக்கிற பெரியவர். அவர் அனுப்பிய ஆட்கள் எத்தனையோ பேர் என்னிடம் பத்திரிகை அடித்திருக்கிறார்கள். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்ததாகக்கூட நினைவில்லை. இரண்டு மாஸ்க் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தார். உள்ளே வரவில்லை. நான் வாசற்படியில், அவர் கேட்டுக்கு அந்தப் பக்கம். பத்து நிமிஷம் போல நின்றார். என்ன பேசினோம் என்று கேட்டால், வெயில் அதிகம் என்றார், ஆமாம் என்றேன். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இப்போது எனக்குத் தெரிந்த எந்த வீட்டில் சாவு என்றாலும் போகிறேன். போய் வெயிலைப் பற்றிப் பேசுகிறேன்.

கல்யாண மண்டபங்களில் மறுபடி 1,000 இலை விழுகிறது. 50 பேரோடு கல்யாணம் செய்த கதையைச் சொல்லி, இப்படியே பழகிக்கொண்டால் எவ்வளவு மிச்சம் என்றவர்கள்தான் இப்போது டிரோன் விட்டு வீடியோ எடுக்கிறார்கள். கார்டுதான் குறைந்துவிட்டது. 1,000 பேரை அழைக்கிறவர் 150 கார்டு அடிக்கிறார். மிச்சப் பேருக்கு வாட்ஸாப். அந்த வீடியோ பத்திரிகையையும் நானே செய்து கொடுக்கிறேன், மகன் கற்றுக் கொடுத்தான். நேரில் போய்க் கொடுக்க வேண்டிய ஆட்களை முதலில் ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு வாருங்கள், எண்ணிக்கையைப் பிறகு சொல்லலாம் என்பேன். வியாபாரி செய்யக்கூடாத வேலை. 300 என்று வந்தவர் எழுதிப் பார்த்துவிட்டு 120 என்பார்.

கருமாதிப் பத்திரிகையை யாரும் வீட்டுக்குள் வைத்திருக்க மாட்டார்கள். மஞ்சள் தடவாத அந்தக் காகிதம் கைக்கு வந்தால், வாசலிலேயே படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். ஆயிரக்கணக்கில் அடித்திருக்கிறேன், ஒன்றையாவது அப்புறம் எங்கேயும் பார்த்ததில்லை. வாட்ஸாப்பில் போனதைக் கிழிக்க முடியவில்லை. மே 19 வந்தால் சித்தி வருஷம் தவறாமல் அதையே எடுத்துக் குடும்பக் குரூப்பில் போடுகிறாள். திருத்திய படம் ஒன்று செய்து அனுப்பவா என்று மகன் ஒருமுறை கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தாமரைப்பூ, குத்துவிளக்கு, ஆதார் அட்டையில் முறைத்துப் பார்க்கிற அம்மா. கீழே, வயது 17.